வெள்ளைப் பலகையில் இரண்டாவது பெயர்

2025 ஏப்ரல் 13, ஞாயிற்றுக்கிழமை மாலை. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் உள்ள அகஸ்டா நேஷனல் கோல்ஃப் கிளப்பின் செய்தியாளர் அறையில், தோளில் வெற்றியாளருக்குரிய பச்சைக் கோட்டோடு வந்து உட்கார்ந்தார் ரோரி மெக்கில்ராய். மாஸ்டர்ஸ் போட்டியை வென்று அரை நாள்கூட ஆகவில்லை. நிருபர்கள் வாயைத் திறப்பதற்கு முன் அவரே ஒரு கேள்வி கேட்டார்: அடுத்த வருடம் நாம் எல்லாரும் எதைப் பற்றிப் பேசப் போகிறோம்?

அறை சிரித்தது. ஆனால் அந்தக் கேள்விக்குள் பதினொரு வருடங்கள் இருந்தன.

கோல்ஃபில் 'மேஜர்' என்று சொல்லப்படும் பெரும் போட்டிகள் ஆண்டுக்கு நான்கு: மாஸ்டர்ஸ், பிஜிஏ சாம்பியன்ஷிப், யூ.எஸ். ஓப்பன், பிரிட்டிஷ் ஓப்பன். வட அயர்லாந்தின் ஹாலிவுட் என்ற சிறு ஊரில் பிறந்த மெக்கில்ராய், 2014 ஆகஸ்டில் 25 வயதை எட்டியிருந்தபோது, இவற்றில் மூன்றை வென்று முடித்திருந்தார். பாக்கி இருந்தது மாஸ்டர்ஸ் மட்டும். நான்கையும் வென்றவர்கள் அதுவரை ஐந்து பேர்தான்: சாரசன், ஹோகன், பிளேயர், நிக்லஸ், வுட்ஸ். அடுத்த ஏப்ரலில் ஆறாவது பெயர் சேர்ந்துவிடும் என்று எல்லாரும் நம்பினார்கள். சேரவில்லை. அதற்கடுத்த ஏப்ரலிலும் சேரவில்லை. அதன்பின் ஒவ்வொரு வசந்தத்திலும் கோல்ஃப் ரசிகர்கள் கூடிய இடமெல்லாம் இதே பேச்சுதான்.

மாஸ்டர்ஸ் ஆண்டுதோறும் நடக்கும் அகஸ்டாவில் பேச்சுக்குத் தனி ருசி உண்டு. பார்வையாளர்கள் உள்ளே கைபேசி கொண்டுபோக முடியாது. ஓடவும் கூடாது. காலையில் வந்து மடக்கு நாற்காலியைப் பிடித்த இடத்தில் போட்டுவிட்டு நாள் முழுக்கச் சுற்றிவிட்டு வந்தாலும், நாற்காலி வைத்த இடத்திலேயே இருக்கும். பைன் மரங்களுக்கு அப்பால் எங்கோ ஓர் ஆரவாரம் எழும். யாருக்கு விழுந்தது அது, எந்தக் குழியில்? பெரிய வெள்ளைப் பலகையில் ஊழியர் ஒருவர் கையால் எண்ணை மாற்றும்வரை தெரியாது. சிவப்பு எண் என்றால் ஆட்டக்காரர் குறித்த ஷாட் கணக்கைவிடக் குறைவாக எடுத்து முன்னேறி நிற்கிறார். பச்சை என்றால் பின்தங்கிவிட்டார். எண் மாறுவதற்கு முந்தைய அந்த ஒரு நிமிடத்தில் முன்பின் தெரியாதவர்கள் பேசிக்கொள்கிறார்கள். யாருடைய கை இன்று நன்றாக இருக்கிறது, யாருக்குக் காற்று ஒத்துவரும், யார் கடைசி ஒன்பது குழிகளைத் தாங்குவார். உலகிலேயே இனிமையான பேச்சுகளில் ஒன்று அது.

ஆனால் ஆட்டத்தில் தொடங்கும் பேச்சு ஏதோ ஒரு கட்டத்தில் ஆளின்மீது போய் உட்கார்ந்துவிடுகிறது.

மெக்கில்ராய் விஷயத்தில் அது 2011இலேயே தொடங்கியது. அப்போது அவருக்கு 21 வயது. மாஸ்டர்ஸ் கடைசி நாளை நான்கு ஷாட் முன்னிலையோடு தொடங்கியவர், பத்தாவது குழியில் பந்தை இடப்பக்கம் குடில்களுக்கு நடுவே அடித்துவிட்டு, மொத்தம் 80 ஷாட் எடுத்துச் சரிந்தார். இரண்டே மாதத்தில் யூ.எஸ். ஓப்பனை எட்டு ஷாட் வித்தியாசத்தில் வென்றார். இருந்தும் 'அகஸ்டா அவருக்கு ஒத்துவராது' என்ற சொல் ஒட்டிக்கொண்டது. 2022இல் செயின்ட் ஆண்ட்ரூஸில் நடந்த பிரிட்டிஷ் ஓப்பனில் கடைசி நாள் 18 குழிகளிலும் குறித்த ஷாட்களுக்குள் கிரீனை, அதாவது குழியைச் சுற்றிய புல்தரையை, அடைந்தார். ஆனால் குழியை நோக்கிப் பந்தை உருட்டும் அடியான 'பட்' கைகொடுக்க மறுத்தது. கேமரன் ஸ்மித் கோப்பையைக் கொண்டுபோனார். 2024இல் பைன்ஹர்ஸ்டில் கடைசி மூன்று குழிகளுக்குள் நான்கு அடிக்கும் குறைவான இரண்டு பட்களைத் தவறவிட்டார். ஒரே ஒரு ஷாட்டில் யூ.எஸ். ஓப்பன் பிரைசன் டிஷாம்போவிடம் போனது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்று நம் ஊரில் சொல்வதற்கு இதைவிடக் கச்சிதமான காட்சி கிடைப்பது கஷ்டம்.

மறுநாளிலிருந்து ரசிகர்கள் மருத்துவர்களாகிவிட்டார்கள். மனத்திடம் போதாது என்றார் ஒருவர். பசி தீர்ந்துவிட்டது என்றார் இன்னொருவர். நான்கு நாள், 72 குழிகள், ஏறக்குறைய 280 ஷாட்கள். அவற்றில் ஒன்று குழியின் விளிம்பில் சுற்றி வெளியே வந்துவிட்டால், அந்த மனிதரின் குணத்தையே அதிலிருந்து எழுதிவிட முடியுமா? முடியாது. அதே பந்து உள்ளே விழுந்திருந்தால் அதே ரசிகர்கள் அதே மனிதரின் நெஞ்சுரத்தைப் பாடியிருப்பார்கள். விளையாட்டைப் பற்றி மட்டும் நாம் இப்படிப் பேசுவதில்லை. பக்கத்து வீட்டுப் பையனின் பரீட்சை, அத்தை மகளின் கல்யாணம், நண்பரின் வியாபாரம் எல்லாவற்றிலும் முடிவைப் பார்த்துவிட்டுப் பின்னோக்கி நடந்து காரணம் பொறுக்குவது நமக்குப் பழகிப்போன வேலை.

இந்தப் பழக்கம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 1968 மாஸ்டர்ஸ் சாட்சி. அர்ஜென்டினாவின் ராபர்ட்டோ டி விசென்சோவுக்கு அன்று 45ஆவது பிறந்தநாள். கடைசிச் சுற்றில் 65 அடித்து, பாப் கோல்பியுடன் சமநிலைக்கு வந்தார். 17ஆவது குழியை அவர் மூன்றே ஷாட்டில் முடித்ததைத் தொலைக்காட்சி பார்த்த அத்தனை பேரும் கண்டார்கள். ஆனால் அவருடைய அட்டையை எழுதிய சக ஆட்டக்காரர் அங்கே 4 என்று குறித்திருந்தார். டி விசென்சோ கவனிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டார். கையெழுத்திட்ட எண் கூடுதலாக இருந்தால் அதுவே நிற்கும் என்பது விதி. 65 என்பது 66 ஆனது. சமநிலையை முறிக்கும் கூடுதல் ஆட்டமான பிளே-ஆஃப் நடக்கவே இல்லை. பட்டம் கோல்பிக்குப் போனது.

கோல்பி என்ன தவறு செய்தார்? அவரும் அன்று 66 அடித்திருந்தார். அட்டையை எழுதியவர் அவர் இல்லை. விதியை வகுத்தவரும் அவர் இல்லை. ஆனாலும் அவர் வீட்டுக்குத்தான் வசைக் கடிதங்கள் வந்தன. தன் வாழ்நாளின் மிகப் பெரிய வெற்றியை, அது தன்னுடையதுதான் என்று விளக்கிக்கொண்டே வருடக்கணக்கில் சுமந்தார் அந்த மனிதர்.

28 வருடம் கழித்து அதே திடலில் கடிதங்களின் திசை மாறியது. 1996இல் கடைசி நாளை ஆறு ஷாட் முன்னிலையுடன் தொடங்கிய கிரெக் நார்மன் 78 அடித்தார்; உடன் ஆடிய நிக் ஃபால்டோ 67. கடைசிக் குழியில் ஃபால்டோ வெற்றியைக் கொண்டாடாமல் நார்மனைக் கட்டிக்கொண்டார். அதன்பின் நார்மன் செய்தியாளர் முன் உட்கார்ந்து, கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்லிவிட்டுத்தான் எழுந்தார். உலகின் பல மூலைகளிலிருந்து முகம் தெரியாதவர்கள் அவருக்கு அன்போடு எழுதினார்கள். இரண்டு பிரிட்டிஷ் ஓப்பன் வெற்றிகளுக்கு அவருக்குக் கிடைக்காத ஒரு நெருக்கம் அந்தத் தோல்வியில் கிடைத்தது என்றுதான் தோன்றுகிறது.

1999இல் கார்னூஸ்டியில் நடந்த பிரிட்டிஷ் ஓப்பனை நினைக்கும் எவருக்கும், கடைசிக் குழியில் காற்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு ஓடையில் இறங்கிய பிரெஞ்சுக்காரர் ழான் வான் டி வெல்டேதான் கண்முன் வருவார். அன்று காலை பத்து ஷாட் பின்தங்கியிருந்து, மாலையில் பிளே-ஆஃபில் வென்றவர் பால் லாரி. பெயரைச் சொன்னால்கூடப் பலருக்குச் சட்டென்று நினைவு வருவதில்லை. வெற்றி பெற்றவருக்கு நினைவில் இடம் உறுதி என்பதும் பொய்தான்.

ஜஸ்டின் ரோஸின் கதை இன்னும் நிதானமாகச் சொல்லப்பட வேண்டியது. 1998 பிரிட்டிஷ் ஓப்பனில் 17 வயது அமெச்சூராக ஆடி நான்காம் இடத்தைப் பகிர்ந்துகொண்ட பையன். இங்கிலாந்தே தூக்கிவைத்துக் கொண்டாடியது. உடனே தொழில்முறை ஆட்டத்துக்கு வந்தார். தொடர்ந்து 21 போட்டிகளில் பாதியிலேயே வெளியேறினார். அந்த நாட்களில் அவரைப் பற்றி நடந்த பேச்சைக் கற்பனை செய்வது கடினமில்லை. மெல்ல எழுந்தார். 2013இல் யூ.எஸ். ஓப்பன், 2016இல் ஒலிம்பிக் தங்கம். 2017 மாஸ்டர்ஸில் பிளே-ஆஃபில் செர்ஜியோ கார்சியாவிடம் தோற்றார். 2018 பிரிட்டிஷ் ஓப்பனில் இரண்டாமிடம் பகிர்ந்தார், 2024இலும் அப்படியே.

2025 ஏப்ரல் 13 அன்று, 44 வயதில், ஏழு ஷாட் பின்னிருந்து கிளம்பி, 10 பர்டிகளோடு (குறித்ததைவிட ஒரு ஷாட் குறைவாக முடித்த குழிகள்) 66 அடித்தார் ரோஸ். கடைசிக் குழியில் சுமார் 20 அடி தூர பட் உள்ளே விழுந்தபோது திடல் அதிர்ந்தது. பின்னால் வந்துகொண்டிருந்த மெக்கில்ராய்க்கோ அது வேறு மாதிரியான நாள். முதல் குழியிலேயே இரட்டை போகி, அதாவது குறித்ததைவிட இரண்டு ஷாட் கூடுதல். 13இல், கண்ணை மூடிக்கொண்டு அடிக்கக்கூடிய சிறு ஷாட், நேரே ஓடைக்குள். 15இலும் 17இலும் மயிர்க்கூச்செறியவைக்கும் ஷாட்கள். 18இல் வெற்றிக்கு ஐந்தடி பட், அதுவும் தவறி, இருவரும் சமநிலையில் நின்றார்கள்.

பிளே-ஆஃபுக்காக மறுபடி 18ஆவது குழியின் தொடக்க இடத்தை நோக்கிப் போகும்போது, சிறுவயது நண்பரும் ஆட்டத்தில் உடன்வரும் உதவியாளருமான ஹாரி டயமண்ட் மெக்கில்ராயிடம் ஒன்று சொன்னாராம்: திங்கட்கிழமை காலையில் இந்த நிலைமையைத் தருகிறோம் என்றிருந்தால் நாம் சந்தோஷமாக வாங்கிக்கொண்டிருப்போமே. அவ்வளவுதான். சற்று முன் கைநழுவியதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஐந்து நிமிடத்துக்கு முன் இழப்பாகத் தெரிந்த அதே இடம், ஆறு நாளுக்கு முன்னால் நின்று பார்த்தால் வரமாகத் தெரிகிறது. இத்தனை வருட ரசிகர் பேச்சு முழுவதிலும் இந்த அளவுக்குப் பயனுள்ள ஒரு வாக்கியம் இருந்திருக்குமா என்பது சந்தேகம்.

பிளே-ஆஃபில் மெக்கில்ராயின் இரண்டாவது ஷாட் குழிக்கு நான்கடிக்குள் வந்து நின்றது. ரோஸின் பட் தவறியது, இவருடையது விழுந்தது. மண்டியிட்டுத் தரையில் முகம் புதைத்து அழுதார். ரோஸ் வந்து கட்டிக்கொண்டார்.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டதா என்றால், இல்லை. ஜூனில் கனடா ஓப்பனில் பாதியிலேயே வெளியேறினார் மெக்கில்ராய். ஏப்ரலில் தன் எவரெஸ்டை ஏறிவிட்டதாகவும், இறங்கிவந்து இன்னொரு மலையைத் தேட வேண்டியிருக்கிறது என்றும் அவரே சொன்னார். அடுத்த மாதம், பிரிட்டிஷ் ஓப்பனுக்காக வட அயர்லாந்தின் போர்ட்ரஷுக்கு வந்திருந்த உலகின் முதல்நிலை ஆட்டக்காரர் ஸ்காட்டி ஷெஃப்லர் இன்னும் வெளிப்படையாகப் பேசினார். வெற்றியின் பரவசம் சில நிமிடம்தான். அதற்குள் இரவுச் சாப்பாட்டுக்கு என்ன என்ற பேச்சு வந்துவிடுகிறது. பிறகு இவ்வளவு ஆசை எதற்கு என்று தனக்கே விளங்கவில்லை என்றார். சொன்ன அதே வாரம் நான்கு ஷாட் வித்தியாசத்தில் கோப்பையையும் வென்றார்.

போர்ட்ரஷ் மெக்கில்ராய்க்குச் சொந்த மண். 16 வயதில் 61 அடித்து அவர் சாதனை படைத்த திடல். 2019இல் இங்கே ஓப்பன் வந்தபோது முதல் ஷாட்டையே எல்லைக்கு வெளியே அடித்து, முதல் குழியில் எட்டு ஷாட் எடுத்து, ஒரே ஒரு ஷாட்டில் கடைசி இரண்டு நாள் ஆட்டத்தை இழந்தார். 2025 ஜூலையின் அந்த ஞாயிறன்று வெற்றி யாருக்கு என்பது வெகுநேரம் முன்பே தெளிவாகிவிட்டது. ஷெஃப்லரைவிட ஏழு ஷாட் பின்தங்கி, ஏழாமிடத்தைப் பகிர்ந்துகொண்டு, 18ஆவது கிரீனை நோக்கி நடந்துவந்தார் மெக்கில்ராய். இருபுறமும் கூட்டம் எழுந்து நின்றது. பலகையில் அவர் பெயருக்கு மேலே பல பெயர்கள் இருந்தன. கைதட்டல் அவர் கிரீனை அடையும்வரை ஓயவில்லை.