திருந்தி வந்தால்தான் வீடா?

குடிகாரனுக்கு உதவுவது பாவத்திற்குத் துணைபோவதாகாதா என்று சிலர் கேட்கின்றனர். நியாயமான கேள்வியே.

1992-இல் நியூயார்க் நகரில் தொடங்கிய 'பாத்வேஸ் டு ஹவுசிங்' என்னும் தொண்டு நிறுவனம், தெருவில் கிடந்த மனநோயாளிகளுக்கும் போதைக்கு அடிமையானோருக்கும், "முதலில் திருந்து" என்னாமல் முதலில் வீடு கொடுத்தது. வருமானத்தில் 30 சதவீதத்தை வாடகையாகப் பெற்றது. ஊழியர்கள் வீடு தேடிச் சென்று நலம் விசாரித்தனர். ஐந்தாண்டுகள் கழிந்தும் 88 சதவீதத்தினர் வீட்டிலேயே நிலைத்திருந்தனர் என 2000-இல் வெளிவந்த ஆய்வு கூறியது. போதை எல்லோரையும் விட்டுவிடவில்லை. ஆயினும், தெருவிலேயே கிடப்பவன் திருந்த வழியேது?

காசு கள்ளுக்கடைக்குப் போகலாம், கூரை போகாது. ஜகாத் பெறும் எட்டு வகையினருள் ஃபகீரும் மிஸ்கீனும் முதலில் நிற்பது வறுமையினாலேயன்றி நல்லொழுக்கத்தினால் அன்று. எனவே, சகோதரர்களே! கொடுக்கும் பொருளைத் தேர்ந்து கொடுங்கள், கொடுப்பதை நிறுத்தாதீர்கள்.