பார்த்ததும் பாராததும்

அயல்நாட்டில் கல்வி பயில்வோர்க்கு வார இறுதி ஒரு கொடை. வகுப்பறையிலும் நூலகத்திலும் அடைபட்டுக் கிடந்த நாள்கள் முடிந்ததும், தோழர் சிலர் ஒன்றுகூடி, அருகிலுள்ள நகரம் ஒன்றைக் கண்டு வருவர். இதில் ஆராய்வதற்குரிய அறக்கேள்வி என்ன இருக்கிறது என்று வாசகர் வினவலாம். 2018ஆம் ஆண்டு வரை நாங்களும் அவ்வாறே எண்ணியிருந்தோம்.

அவ்வாண்டு உரோமையில் ஒரே விடுதியில் தங்கி இறையியல் பயின்ற நாங்கள் நால்வர் ஒரு சனிக்கிழமை காலை புளோரன்சு நகருக்குப் புறப்பட்டோம். இந்தியர் இருவர், பிரேசில் நாட்டவர் ஒருவர், போலந்து நாட்டவர் ஒருவர். விரைவு இரயிலில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரப் பயணம். பேராலயக் குவிமாடம், மைக்கலாஞ்சலோவின் தாவீது சிலை, ஊஃபிசி ஓவியக்கூடம், ஆர்னோ ஆற்றின் பழைய பாலம் என்று கையில் ஒரு பட்டியல் இருந்தது. ஒவ்வொன்றுக்கும் நேரம் குறித்திருந்தோம். ஞாயிறு மாலை திரும்பியாக வேண்டும்.

புருனெல்லெஸ்கியின் திட்டப்படி 1420இல் தொடங்கி 1436இல் நிறைவுற்றது அக்குவிமாடம். அதன் 463 படிகளையும் மூச்சிரைக்க ஏறினோம்; செந்நிற ஓட்டுக் கூரைகளைப் படம் பிடித்தோம்; இறங்கினோம். தாவீது சிலையைக் காண முன்பதிவு செய்திருந்த வேளைக்கு இன்னும் சற்றுப் பொழுது இருந்தமையால், அருகிலிருந்த மாசில்லாக் குழந்தைகள் இல்லத்திற்குள் நுழைந்தோம். அதுவும் புருனெல்லெஸ்கி வடிவமைத்ததே. கைவிடப்பட்ட குழந்தைகளுக்காக எழுப்பப்பட்ட அவ்வில்லத்தின் வாயிலுக்கு 1445 பிப்ரவரி 5ஆம் நாள் முதல் குழந்தை வந்து சேர்ந்தது. முகப்பு வளைவுகளுக்கு மேலே, துணியில் சுற்றிய குழந்தைகளின் சுடுமண் உருவங்கள் இன்றும் நீலப் பின்னணியில் கை விரித்து நிற்கின்றன.

உள்ளே அருங்காட்சியகத்தில், குழந்தைகளோடு விட்டுச் செல்லப்பட்ட அடையாளப் பொருள்களைக் காத்து வைத்திருக்கிறார்கள். பாதியாக வெட்டிய பதக்கங்கள், மணிகள், துணித் துண்டுகள். மறு பாதியைத் தாய் தன்னிடம் வைத்துக்கொள்வாள். என்றாவது ஒருநாள் திரும்பி வந்தால், இரண்டையும் பொருத்தித் தன் பிள்ளையை அடையாளம் காட்டலாம் என்ற நம்பிக்கை.

போலந்து நண்பர் அங்கேயே நின்றுவிட்டார். “நேரமாகிறது, வாருங்கள்” என்று இருமுறை அழைத்தோம். “நீங்கள் போய் வாருங்கள்” என்றார். முன்பதிவை வீணாக்க மனமில்லாமல் மூவரும் சென்றோம். ஐந்து மீட்டருக்கும் மேல் உயர்ந்து நிற்கும் தாவீதைச் சுற்றி வந்தோம். திரும்பியபோது அவர் முகப்புப் படிகளில் அமர்ந்திருந்தார். அன்றிரவு உணவின்போதுதான் சொன்னார்: தாமும் அத்தகைய ஓர் இல்லத்தில் வளர்ந்தவர் என்றும், தம்மோடு எந்தப் பாதியும் வைக்கப்பட்டிருக்கவில்லை என்றும். (அவர் இசைவோடுதான் இதை எழுதுகிறோம்.)

இரண்டு ஆண்டுகள் ஒரே மேசையில் உண்டவர்கள் நாங்கள். குவிமாடம் முடிந்த ஆண்டு எங்களுக்குத் தெரிந்திருந்தது, இது தெரிந்திருக்கவில்லை.

சொல்லாததை அறியாமற்போனது குற்றமாகுமா? ஆகாது என்றே கருதுகிறோம். தம் துயரை எப்போது, யாரிடம் திறப்பது என்பது அவரவர் உரிமை. துருவிக் கேட்பது நட்பாகாது. ஆனால் ஒருவர் ஓரிடத்தில் நிற்கிறார், நகர மறுக்கிறார் என்பது கண்ணுக்குத் தெரிந்த செய்தி. அதைப் பார்த்தும் கடிகாரத்தைப் பார்த்தோமே, அங்கேதான் எங்கள் பிழை இருந்தது. நல்ல சமாரியர் உவமையில் விலகிச் சென்ற குருவும் லேவியரும் காணாமற் சென்றவர்கள் அல்லர். கண்டபின்பே விலகிச் சென்றார்கள். அவர்களுக்கும் போய்ச்சேர வேண்டிய ஊர் ஒன்று இருந்திருக்கும்.

புனித தோமா அக்குவினாசு, அறிய விழையும் ஆவலை இருவகையாகப் பிரிக்கிறார். முறைப்படுத்தப்பட்ட கற்றலார்வம் ஒரு நற்பண்பு. கடமையை மறக்கச் செய்து அலையவிடும் ஆவலோ குறை. இதனைத் தேர்வுக்காகப் படித்து, நல்ல மதிப்பெண்ணும் பெற்றிருந்தோம். ஊர் காண விரும்புவது தவறன்று. பட்டியல் வைத்திருப்பதும் தவறன்று. உடன் வருபவர் நிற்கும்போது பட்டியலை மடித்துப் பைக்குள் வைக்க இயலாதபோதுதான் அது நம்மை ஆளத் தொடங்கிவிடுகிறது.

மறுநாள் ஊஃபிசிக்கு உரிய நேரத்தை அந்தப் படிகளிலேயே கழித்தோம். அதிகம் பேசவில்லை. அந்த ஓவியக்கூடத்தை நாங்கள் இன்றுவரை கண்டதில்லை. அதில் வருத்தமே இல்லை என்று சொன்னால் பொய்யாகும்.

இன்று பங்குகளில் பணியாற்றும் நமக்கும் பட்டியல்கள் உண்டு. வீடு மந்திரிக்கச் செல்லும் மாலைகளில், விளக்கு வைப்பதற்குள் இத்தனை வீடுகள் என்று கணக்கிட்டு நடக்கிறோம். ஏதோ ஒரு வீட்டில், செபம் முடிந்த பிறகும், வாசற்கதவைப் பற்றியபடி ஒரு தாய் நிற்பார். ஏதும் சொல்லமாட்டார், உள்ளேயும் போகமாட்டார். அடுத்த வீட்டார் நமக்காகக் காத்திருப்பது உண்மைதான். அவர்கள் இன்னும் சிறிது நேரம் காத்திருக்கட்டும்.