கன்னியாவின் வெம்மையும் காரணத்தின் எல்லையும்

திருகோணமலை நகருக்கு வடமேற்கே, அனுராதபுரம் வீதியை அண்டிய கன்னியாவில், சிறு சதுரக் கிணறுகளாகக் கட்டப்பட்ட ஏழு வெந்நீரூற்றுகள் அருகருகே அமைந்துள்ளன. தாயின் ஈமக்கடனுக்கு நீர் வேண்டி இராவணன் வாளால் நிலத்தை ஏழிடத்தில் குத்தியதால் அவை தோன்றின என்பது ஐதிகம். இறந்தவருக்குச் செய்யும் அந்தியேட்டிக் கிரியையை அங்கு நிறைவேற்றும் வழக்கமும் அப்பகுதிச் சைவரிடையே நிலைபெற்றுள்ளது. சைவ சித்தாந்தம் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவருக்கும் அறிவியல் பயின்ற மாணாக்கர் ஒருவருக்கும் இடையே, இந்நீரை முன்வைத்து நிகழ்வதாகப் பின்வரும் உரையாடல் அமைகிறது.

மாணாக்கர்: ஐயா, இலங்கையில் எரிமலை இல்லை. மழைநீர் பாறைப் பிளவுகளின் வழியே ஆழத்துக்கு இறங்குகிறது. கீழே செல்லச் செல்ல ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் ஏறத்தாழ 25 முதல் 30 பாகை செல்சியஸ் வெப்பம் கூடுவதால் அது சூடேறி, வேறொரு பிளவைப் பற்றி மேலே வந்துவிடுகிறது. அடுத்தடுத்த கிணறுகளின் சூடு வேறுபடுவதையும், மேல்மட்டத்துக் குளிர்ந்த நீர் வெவ்வேறு அளவில் கலப்பதைக் கொண்டு விளக்கலாம். மகாஓயா, மகாபெலெஸ்ஸ வெந்நீரூற்றுகளுக்கும் பொருந்தும் விளக்கம் இது. இவ்வளவும் தெரிந்த பின் வாளுக்கு என்ன வேலை?

ஆசிரியர்: நீர் ஏன் சுடுகிறது என்ற கேள்வியில் வாளுக்கு ஒரு வேலையும் இல்லை. அளவை என்பது ஒன்றை உண்மை என்று துணிவதற்குரிய கருவி; அதைப் பத்தாக விரிப்பாரும் உண்டு என்று கூறும் அருணந்தி சிவாசாரியார், சிவஞான சித்தியாரில் அவை யாவற்றையும் மூன்றனுள் அடக்குகிறார். பொறிகளாலும் மனத்தாலும் நேரே அறிவது காட்சி. அறிந்ததைக் கொண்டு அறியாததைத் துணிவது கருதல். இவ்விரண்டும் எட்டாத இடத்தில் நம்பத்தக்க சான்றாக நிற்பது உரை. ஊற்றின் வெப்பம் காட்சிக்கும் கருதலுக்கும் எட்டும் பொருளாதலால், அங்கே உரையைக் கொண்டுவந்து நிறுத்துவது சித்தாந்தத்தின் நெறிக்கே ஒவ்வாது.

மாணாக்கர்: அப்படியாயின் அறிவியல் இன்னும் அறியாத மூலைகள் மட்டுமே சமயத்துக்கு எஞ்சும்.

ஆசிரியர்: அந்த மூலைகளில் குடியேறிய சமயம் ஆண்டுதோறும் வீடு மாற்றிக்கொண்டிருக்க வேண்டியதுதான். எல்லை இரு வகைப்படும். இன்று அறியப்படாதது என்னும் எல்லை நகர்ந்துகொண்டே இருப்பது. அதைக் காட்டி அறிவியலை மட்டம் தட்டுவோர், திருகோணமலைச் சுவாமி மலையின் பாறையில் உள்ள இராவணன் வெட்டு என்னும் பிளவு எப்படி உண்டாயிற்று என்று புவிச்சரிதவியலாளர் விளக்கியதும் வாயடைத்துப் போவர். மற்றையது முறையினாலேயே அமையும் எல்லை. எதை அளப்பது என்று தெரிவுசெய்த அக்கணமே, அளக்கப்படாமல் விடப்படுவது எது என்பதும் முடிவாகிவிடுகிறது. கருவி எவ்வளவு நுட்பமானதாயினும் இந்த எல்லை நகராது.

மாணாக்கர்: விடப்படுவதற்கு ஓர் எடுத்துக்காட்டு வேண்டும்.

ஆசிரியர்: குடத்துக்கு மண் முதற்காரணம், திரிகை துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம் என்று சித்தாந்தம் பகுக்கும். உமது விளக்கத்தில் முதல் இரண்டும் நிறைவாக உள்ளன; மூன்றாவது கேட்கப்படவே இல்லை.

மாணாக்கர்: குயவனைக் கண்ணால் கண்டவர் உண்டு. உலகைப் படைத்தவனைக் கண்டவர் யார்? கண்டதிலிருந்து காணாததற்குத் தாவுவது பிழையான கருதல் ஆகாதா?

ஆசிரியர்: தடை வலுவானது, பழமையானதும்கூட. கடவுள் என்னும் கருத்தா இன்றியே உலகை விளக்கிய சாங்கியரும் சமணரும் அறிவில் குறைந்தவர் அல்லர். அருணந்தியார் சித்தியாரில் பிறர் கொள்கைகளை ஆராயும் பரபக்கத்தில் அவர்களோடு வாதிடுகிறாரேயன்றிப் புறக்கணிக்கவில்லை. தோன்றி நின்று ஒடுங்கும் இயல்புடைய உலகுக்கு அம்மூன்றையும் செய்விப்பான் ஒருவன் வேண்டும் என்ற, அருணந்தியாரின் ஆசிரியராகிய மெய்கண்டாரின் துணிவை ஏற்பதா மறுப்பதா என்பது தருக்கத்தாலும் அனுபவத்தாலும் தீர வேண்டியது. வெப்பமானி எந்தப் பக்கமும் சாட்சி சொல்லாது. அறிவியல் கடவுளை மறுத்துவிட்டது என்போரும், நிறுவிவிட்டது என்று மேடையில் முழங்குவோரும் ஒரே பிழையைச் செய்கின்றனர். பின்னவர் இப்போது பெருகியிருப்பதால் அவர்களைப் பற்றியே கூடுதல் எச்சரிக்கை வேண்டும்.

மாணாக்கர்: சமய நோக்குக்கு எல்லையே இல்லையா?

ஆசிரியர்: உண்டு, அது மீறப்பட்ட காலமும் அண்மையதே. 2004 டிசம்பர் 26 அன்று சுமாத்திராவுக்கு அப்பால் கடலடியில் நிலத்தட்டுகளின் எல்லை பிளந்து பேரலை எழுந்தது. அது இந்தக் கரையை அடைய ஏறத்தாழ இரண்டு மணிநேரம் ஆயிற்று. ஆயினும் இந்து சமுத்திரத்துக்கு அன்று எச்சரிக்கை அமைப்பு இல்லாததால் இலங்கையில் மட்டும் முப்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். அலை எழுந்த காரணமும் அது பரவும் விரைவும் அறிவியலுக்குத் தெரியும். அந்த இரண்டு மணிநேரம் வீணானதற்குக் காரணம் அறிவின் எல்லை அன்று, ஏற்பாட்டின் குறை. அவ்வேளையில் சமயத்தின் பெயரால் சிலர், மாண்டவர் தம் வினையை அனுபவித்தனர் என்றனர்.

மாணாக்கர்: வினைக்கொள்கை சித்தாந்தத்தின் தூண்களில் ஒன்றல்லவா, ஐயா?

ஆசிரியர்: தூணே. முன்னே ஈட்டிக் குவிந்தது சஞ்சிதம், அதிலிருந்து இப்பிறவியில் நுகரப்படுவது பிராரத்தம், இப்போது ஈட்டப்படுவது ஆகாமியம். ஆனால் இன்னாருக்கு இன்ன வினை என்பதைக் காட்சியால் கண்டவர் உண்டா? இறப்பைக் கொண்டு வினையைக் கருதலாம் என்றால், நல்லவரும் தீயவரும் கைக்குழந்தையும் ஒரே அலையில் போனபோது அக்கருதல் எதைப் பற்றி நிற்கும்? வினை உண்டு என்று பொதுவில் சொல்லும் உரை, அந்த ஊர் மாந்தரின் கணக்கை யார் கையிலும் கொடுக்கவில்லை. அப்படிப் பேசியவர் தம் அளவையைத் தாமே மீறினர். வாளைக் கொண்டு வெந்நீரை விளக்குவதைவிட அது கொடியது, ஏனெனில் கேட்டவர் பிள்ளையைப் பறிகொடுத்தவர்.

மாணாக்கர்: ஒன்று எஞ்சுகிறது. சுற்றுவட்டாரத்தில் குழாய்க் கிணறுகள் பெருகிக் கன்னியாவின் ஊற்றுகள் வற்றத் தொடங்கினால் யாரிடம் செல்வது?

ஆசிரியர்: நீர்வளம் கற்றவரிடம், தாமதமின்றி. நீர் எவ்வளவு எடுக்கலாம், எங்கே தோண்டக் கூடாது என்று அவர் சொல்வார். அதைக் கோயிற் பிரசங்கத்தில் தேடினால் கிணறு காய்ந்துவிடும். ஆனால் குழாய்க் கிணற்று நீர் பயிருக்கும் குடிநீருக்கும் வேண்டும் என்று ஒருசாராரும், தாய்க்குக் கடன் செய்ய அந்த ஊற்று வேண்டும் என்று மறுசாராரும் நிற்கும்போது, யார் எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்ற கேள்வியை அவருடைய அளவுகோலிடம் ஒப்படைத்துவிட்டு ஊரார் விலகிக்கொள்ள முடியாது.