சொட்டும் இடமும் கசியும் இடமும்

பழைய வண்டியில் ஆயில் சொட்டும் இடம் வேறு, கசியும் இடம் வேறு. மேலே டேப்பெட் கவர் பேக்கிங்கில் கசிந்த ஆயில் எஞ்சின் உடம்போடு வழிந்து, ஓட்டக் காற்றில் பின்னுக்கு ஒதுங்கி, அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பின் போல்ட் நுனியில் வந்து தொங்கும். பழி சம்ப் மேல் விழும். பிசுக்கும் மண்ணும் அப்பிய எஞ்சினில் உண்மை தெரியாது. முதலில் துடைக்க வேண்டும்; பிறகு ஓடவிட்டு, மேலிருந்து கீழாகப் பார்க்க வேண்டும்.

சில சமயம் சீல் மேலும் குற்றமில்லை. எஞ்சின் மூச்சுவிடும் பிரீதர் குழாய் அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறி, புது சீலையும் மீறி ஆயில் வெளியே வரும். மனிதர்களும் அப்படித்தான், மூச்சுவிட வழியில்லாதபோது எங்கோ பிதுங்குகிறார்கள். வீட்டில் ஒருவர் வெடித்துப் பேசினால் அந்தச் சொல்லோடு மல்லுக்கு நிற்காதீர்கள். அவருக்கு எங்கே மூச்சு முட்டுகிறது என்று விசாரியுங்கள்.