ரோப் கார் இல்லாத மலை

பனிச்சறுக்கு மலைகளில் மேலே கொண்டுபோய் விட ரோப் கார் இருக்கும். நமீபியாவில் ஸ்வாகோப்முண்ட் ஊரை ஒட்டிய கடலோர மணல்மேடுகளில் அந்தச் சொகுசெல்லாம் கிடையாது. மணலில் சறுக்கி இறங்குவதற்கான பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தே ஏற வேண்டும். ஓரடி வைத்தால் அரையடி கீழே இழுக்கும் மணல். முன்னால் போனவர் தடத்திலேயே மிதித்து ஏறுவதுதான் உத்தமம்.

மணல் பனியைப் போல வழுக்காது. பலகையின் அடியில் மெழுகு தேய்த்தால்தான் வேகம் பிடிக்கும். நின்றுகொண்டு போகிறவர்கள் உண்டு. புதியவர்களுக்கு மெல்லிய ஹார்டுபோர்டில் குப்புறப் படுத்துப் போவதே தோது. முன்விளிம்பைக் கையால் தூக்கிப் பிடிக்க வேண்டும். தாழ்ந்ததோ, வாய் நிறைய மணல்!

செங்குத்தாய்த் தெரிகிற அந்தச் சரிவு உண்மையில் சுமார் 34 பாகைதான். உலர்ந்த மணல் அதற்குமேல் நிற்காது, தானே சரிந்துவிடும். பயம் என்னவோ 90 பாகைக்கு வருகிறது. ஏறுகிற நேரத்தில் பத்தில் ஒரு பங்குகூட இறங்க ஆகாது. காசு கொடுத்தது எதற்கு என்றால், ஏறுவதற்குத்தான் என்பேன். இறங்கியவர்கள் அந்தக் கணக்கெல்லாம் பார்ப்பதில்லை. காதில் புகுந்த மணலைத் தட்டிவிட்டு, "இன்னொரு தடவை" என்று மறுபடி மேட்டைப் பார்த்து நடக்கிறார்கள்.