படையலா, பதிலா?

ஆண்டுக்கு ஒரு நாள் மதுரைப் பட்டறைகள் மணக்கின்றன. எண்ணெய்ப் பிசுக்கேறிய கடைசல் எந்திரம் துடைத்துத் துலக்கப்படுகிறது. அதன் நெற்றியிலே சந்தனம், சந்தனத்தின் நடுவிலே குங்குமம். சுத்தியலுக்கு ஒரு மாலை, துளைக்கருவிக்கு ஒரு மாலை, தராசுக்குத் தனி மாலை! வாயிலிலே வாழைக்கன்று, வண்டிச் சக்கரத்தின் அடியிலே எலுமிச்சம்பழம். முதலாளி கற்பூரம் காட்டுகிறார். தொழிலாளி பொரியும் கடலையும் வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறான். விடுமுறை கழிந்து எந்திரம் மீண்டும் ஓடத் தொடங்குகிறது. பொட்டு அழியாமல் இருக்கிறது. ஆனால், பற்சக்கரத்தை மூடியிருக்க வேண்டிய காப்புத் தகடு மட்டும் பல பட்டறைகளிலே இல்லை!

விரல் போனால்? 'அவன் நேரம்' என்பர். கை போனால்? 'அவன் விதி' என்பர். பூசை போட்டாயிற்று, ஆகவே பொறுப்பு முடிந்தாயிற்று!

"தொழில் நடக்கும் இடத்திலே தெய்வ நம்பிக்கை வேண்டும். ஆண்டவனுக்கு அஞ்சுபவன் களவாட மாட்டான், சோம்பித் திரிய மாட்டான், கணக்கிலே பொய் எழுத மாட்டான். ஆகவே, பக்தியை அடித்தளமாக வைத்துத் தொழிலகத்தை எழுப்புங்கள்" என்று அறிவுரை கூறுவோர் இன்று பெருகியுள்ளனர். கூறுவோரிலே நல்லவர்களும் உளர். நாணயத்தோடு தொழில் நடத்துவோரும் உளர். எனவே, இதனை ஏளனம் செய்து ஒதுக்கிவிட நாம் விரும்பவில்லை. எடுத்து வைத்து எடை போட்டுப் பார்க்கவே விரும்புகிறோம். பக்தி, பொறுப்பைப் பெற்றெடுக்குமா? ஆண்டவன் திருமுன் பணிந்த தலை, தான் இழைத்த தவறுக்காக ஓர் ஏழைத் தொழிலாளியின் முன்னே பணியுமா? இதுவே கேள்வி.

விடை தேட மதுரையைவிடப் பொருத்தமான ஊர் ஏது? சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி என்று தெருக்களே திருவிழா மாதங்களின் பெயரைப் பூண்டு நிற்கும் ஊர் அது. பக்திக்குப் பஞ்சம் என்று எவரும் சொல்ல முடியாத ஊர். அந்த ஊரிலே, பக்தியின் நடுநாயகமாம் மீனாட்சி அம்மன் கோயிலிலேயே, 2018-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 2-ஆம் நாள் இரவு தீப்பற்றியது. வீரவசந்தராயர் மண்டபப் பகுதியிலே இருந்த கடைகள் கருகின. நூற்றாண்டுகள் பலவற்றைத் தாங்கி நின்ற கற்கள் வெடித்தன. கூரையின் ஒரு பகுதி சரிந்தது. கண்டு மகிழ நமக்கு அதிலே ஒன்றுமில்லை. எரிந்தது தமிழ்ச் சிற்பியின் உழைப்பு! அதனால்தான் கேட்கிறோம்: அந்த மண்டபத்திலே குறைந்திருந்தது பக்தியா? நாள்தோறும் தெய்வத்தின் எதிரிலேயே கடை திறந்தவர்களுக்குப் பக்தி இல்லை என்பாரும் உண்டோ? எரியக்கூடிய பொருளைக் கலைக்கூடத்தின் உள்ளே அடுக்கலாமா, இரவிலே யார் பார்த்துக்கொள்வது, தீ மூண்டால் யார் விடை சொல்வது என்ற கேள்விகளுக்கு முன்கூட்டியே பதில் இருந்திருக்க வேண்டும். பக்தி அந்தப் பதிலைத் தானாகக் கொண்டுவந்து தரவில்லை.

மதுரையிலிருந்து தெற்கே செல்லுங்கள். வயல் மறைந்து கரிசல் விரியும். சிவகாசி வட்டாரம் வரும். அங்கே முதலிப்பட்டியில், 2012-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 5-ஆம் நாள், பட்டாசு ஆலை ஒன்று வெடித்துச் சிதறியது. ஏறத்தாழ 40 பேர் மாண்டனர். ஆலையிலே வேலை செய்தோர் மட்டுமல்ல, அபயக்குரல் கேட்டு ஓடிவந்த ஊராரும் அவர்களிலே இருந்தனர். அந்த வட்டாரத்திலே பூசையைத் தவறவிட்ட ஆலை ஒன்றை நாம் கேள்விப்பட்டதில்லை. ஆனால், ஓர் அறையிலே இத்தனை பேர்தான் இருக்கலாம், இவ்வளவு மருந்துதான் வைக்கலாம் என்ற விதியைத் தவறவிட்ட ஆலைகளைப் பற்றி, ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் கேட்டுக்கொண்டேயிருக்கிறோம். பூசைக்கு நாள் தவறுவதில்லை. பாதுகாப்புக்கு மட்டும் நாள் வாய்ப்பதில்லை!

இவ்வளவும் கேட்ட அன்பர் ஒருவர், "ஒரு பக்கத்தை மட்டும் காட்டுகிறீரே! அதே மதுரையிலே அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறதே, அதனை என்ன சொல்வீர்?" என்று கேட்கக்கூடும். கேட்க வேண்டிய கேள்விதான். தனக்கு எதிரான சான்றைக் கண்டு ஓடி ஒளிவது பகுத்தறிவாகாது. ஆகவே, அந்தச் சான்றைச் சற்று நின்று, நிதானமாகப் பார்ப்போம்.

எட்டயபுரத்தை அடுத்த வடமலாபுரம் என்னும் சிற்றூரிலே, 1918-இல், உழவர் குடும்பத்திலே பிறந்தவர் மருத்துவர் கோ. வெங்கடசாமி. படித்து மருத்துவரானார், படையிலே பணிபுரிந்தார். இளமையிலேயே முடக்குவாதம் அவரைப் படுக்கையில் தள்ளியது. விரல்கள் கோணின. மகப்பேறு மருத்துவராக விரும்பியவர், அந்த விருப்பத்தைக் கைவிட நேர்ந்தது. கண் மருத்துவத்துக்கு வந்தார்; கோணிய விரல்களுக்கு அறுவைக் கத்தியைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். அந்த விரல்களைக் கொண்டே, வாழ்நாளில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட கண்களுக்கு அறுவை செய்தார்! அரசுப் பணியிலே மதுரை மருத்துவக் கல்லூரியின் கண் மருத்துவத் துறைக்குத் தலைமை ஏற்றார். 58 வயதிலே ஓய்வு பெற்றார். ஓய்வு பெற்றவர் ஓய்ந்துவிடவில்லை. 1976-இல், உடன்பிறந்தாரின் துணையோடு, 11 படுக்கைகள் கொண்ட மருத்துவமனை ஒன்றை மதுரையிலே திறந்தார்.

அவர் அரவிந்தரைப் போற்றியவர். புதுச்சேரி அன்னையிடம் ஈடுபாடு கொண்டவர். மருத்துவமனைக்கு வைத்த பெயரே அதற்குச் சான்று. அவர் அதனை மறைக்கவில்லை, நாமும் மறைக்கப்போவதில்லை. அவருடைய நம்பிக்கை அவருக்கு ஊக்கம் தந்தது என்பதை மறுத்தால், அது பொய்.

ஆனால், அந்த மருத்துவமனையின் உள்ளே நுழைந்து, அங்கே வேலை எப்படி நடக்கிறது என்று பாருங்கள். அறுவை அறையிலே இரண்டு மேசைகள் அருகருகே இருக்கின்றன. ஒரு மேசையிலே அறுவை முடிவதற்குள், மறு மேசையிலே அடுத்த நோயாளி ஆயத்தமாகிவிடுகிறார். மருத்துவரின் ஒரு நிமிடமும் வீணாவதில்லை. நாட்டுப்புறத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி தந்து, கண்ணை அளப்பது முதல் கருவி எடுத்துக் கொடுப்பது வரை அவர்களைத் தேர்ச்சி பெறச் செய்கின்றனர். அறுவைக்குப் பின்னே ஏற்படும் கோளாறுகள் குறித்துவைக்கப்படுகின்றன. எந்த அறுவையிலே, எந்தக் கையாலே என்று பார்த்து, குறை களையப்படுகிறது. பணம் தருவோர் தரும் பணத்திலிருந்து, பணமில்லாதார்க்குப் பார்வை கிடைக்கிறது. அறை வேறாக இருக்கலாம், கட்டில் வேறாக இருக்கலாம். அறுவை செய்யும் மருத்துவர்கள் இருவகையார்க்கும் பொதுவானவர்கள். கண்ணுக்குள் வைக்கும் வில்லை வெளிநாட்டிலிருந்து வந்தபோது, அதன் விலை ஏழைக்கு எட்டாததாக இருந்தது. 'ஏழைக்கு அந்த வில்லை விதிக்கப்படவில்லை' என்று அவர்கள் சொல்லவில்லை. 1992-இல் அரோலேப் என்னும் நிறுவனத்தை அமைத்து, மதுரையிலேயே வில்லையைச் செய்து, விலையைப் பன்மடங்கு குறைத்தார்கள்.

கண்புரை அகற்றப்பட்ட கண்ணுக்கு, அகற்றியவர் எந்தக் கடவுளை வணங்கினார் என்பது தெரியாது. கத்தி தூய்மை செய்யப்பட்டதா, இல்லையா என்பது மட்டும் நன்றாகத் தெரியும்!

2006-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 7-ஆம் நாள் வெங்கடசாமி மறைந்தார். மருத்துவமனை மறையவில்லை; வளர்ந்தது. ஒரு மனிதரின் பக்தியிலே மட்டும் அது நின்றிருந்தால், அந்த மனிதரோடு அது சாய்ந்திருக்கும். எவர் வந்து அமர்ந்தாலும் கணக்குக் காட்டியாக வேண்டும் என்ற முறையிலே நின்றது; ஆகவே நிலைத்தது.

அந்த மருத்துவர், தம் நம்பிக்கையைக் காட்டித் தமக்குச் சலுகை கேட்கவில்லை. 'நான் அரவிந்தரின் அன்பன், என் கணக்கை யாரும் பார்க்க வேண்டா' என்று சொல்லவில்லை. அந்த நம்பிக்கை அவரிடமிருந்துதான் அதிகம் கேட்டது: அவருடைய ஓய்வைக் கேட்டது, உறக்கத்தைக் கேட்டது, வலிக்கும் விரல்களைக் கேட்டது. இங்கேதான் நாம் தேடிய கேள்விக்கு விடை கிடைக்கிறது. தன்னிடம் அதிகமாகக் கேட்கும் நம்பிக்கை ஒன்று. பிறரிடம் அதிகமாகக் கேட்கும் நம்பிக்கை மற்றொன்று. முன்னது பொறுப்பை வளர்க்கலாம். பின்னது பொறுப்பிலிருந்து தப்பிக்கும் வாயில்! பட்டறை முதலாளிகள் பலரிடம் நாம் காண்பது பின்னதைத்தான். 'இது தொழிலல்ல, தொண்டு' என்று கூறிக் கூலியைக் குறைப்பதும், 'நாமெல்லாம் ஒரே குடும்பம்' என்று கூறிக் கூடுதல் நேர வேலைக்குக் காசு தர மறுப்பதும், 'கடமையைச் செய், பலனைப் பாராதே' என்று தொழிலாளிக்கு உபதேசித்துவிட்டுப் பலன் முழுவதையும் தாமே எண்ணிப் பார்ப்பதும் எந்த வகைப் பக்தி?

மதுரையிலே பழைய கதை ஒன்று சொல்வார்கள். பேருந்துத் தொழில் நடத்திய டி.வி. சுந்தரம் அய்யங்கார், சாலையிலே சிதறிக் கிடக்கும் லாட ஆணிகளைப் பொறுக்கியெடுக்கக் காந்தம் பொருத்திய வண்டியை ஓடவிட்டாராம். அவருடைய பேருந்து வரும் நேரத்தைக் கொண்டு ஊரார் கடிகாரத்தைத் திருத்திக்கொள்வார்களாம். அவரும் பக்தர்தான். ஆனால், சக்கரத்தைக் காப்பாற்ற எலுமிச்சம்பழம் போதும் என்று அவர் இருந்துவிடவில்லை, காந்தத்தைத் தேடினார்! அந்தக் காந்தத்துக்கு ஆத்திகம் தெரியாது, நாத்திகம் தெரியாது, ஆணியைத் தெரியும்.

பொறுப்பு என்பது என்ன என்று அறிய, மதுரைக்கு வெளியே போக வேண்டியதே இல்லை. சிலப்பதிகாரத்தின் வழக்குமன்றம் மதுரையிலேதான் கூடிற்று. பொற்கொல்லன் சொல்லை நம்பி, ஆராயாமல் கோவலனைக் கொல்வித்தான் பாண்டியன். கண்ணகி வந்தாள். கடவுளின் பெயரால் சாபம் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போகவில்லை, சான்று காட்டினாள்! அரசியின் சிலம்பிலே முத்து. அவள் உடைத்த சிலம்பிலே மாணிக்கம். கண்டான் மன்னன். ஊழ்வினை வந்தே தீரும் என்பதையும் சேர்த்துப் பாடிய காப்பியம் அது. 'எல்லாம் ஊழ்' என்று ஒரு சொல் சொல்லித் தப்பித்துக்கொள்ள மன்னனுக்கு வழி இருந்தது. சொன்னானா? இல்லை. குற்றவாளி தானே என்று அவையிலே ஒப்புக்கொண்டு உயிர் நீத்தான். விதியைச் சொல்லித் தப்பிக்க முடிந்த இடத்திலே, பழியைத் தானே ஏற்றான். இன்று, விரலை இழந்தவனைப் பார்த்து 'உன் விதி' என்கிறாரே முதலாளி, அவர் மதுரையிலே வாழ்ந்தும் இந்தக் கதையைக் கேட்டதில்லையா?

வள்ளுவர் ஊழுக்கும் ஓர் அதிகாரம் தந்தார். மடியின்மைக்கும் ஆள்வினையுடைமைக்கும் தனித்தனி அதிகாரம் தந்தார். அவற்றை உழைப்பாளித் தோழர்களுக்கும் நினைவூட்டுகிறோம். முதலாளியின் குறையைச் சொல்லும் நாம், நம் குறையை மறைக்கலாகாது. மாலை போட்டு மலைக்குப் போய்விட்டு வந்து, வேலையிலே கண்ணயர்பவனும் உண்டு. வண்டியின் முன்னே தேங்காய் உடைத்துவிட்டு, மது அருந்தி வண்டியை ஓட்டுபவனும் உண்டு. அவன் ஏமாற்றுவது ஆண்டவனை அல்ல. வண்டிக்குள்ளே கண்மூடி உறங்கும் மக்களை.

நம் இயக்கத் தோழர்களுக்கும் ஒரு சொல். தெய்வத்தின் படத்தை அகற்றிவிட்டு, அதே ஆணியிலே தலைவரின் படத்தை மாட்டி, அதே மாலையை அதற்குச் சூட்டிவிட்டால், பட்டறை பகுத்தறிவுப் பட்டறை ஆகிவிடாது. காப்புத் தகடு இல்லாத பற்சக்கரம், கருஞ்சட்டையின் கையையும் கடிக்கும்! கடவுள் இல்லை என்று சொல்பவனுக்குப் பொறுப்பு கூடுகிறதே தவிரக் குறைவதில்லை. பழியைச் சுமத்த அவனுக்கு மேலே எவரும் இல்லையே!

தவிரவும், ஒரு பட்டறையிலே கந்தன் இருப்பான், காதர் இருப்பான், மிக்கேலும் இருப்பான். எதையும் நம்பாத ஒருவனும் இருப்பான். ஒருவருடைய தெய்வத்தை அனைவருக்கும் அடித்தளமாக்கினால், மற்றவர்கள் தாங்கள் உழைக்கும் இடத்திலேயே விருந்தாளிகள் ஆகிவிடுவர். மனச்சான்றின் உரிமையை அரசமைப்புச் சட்டம் ஒவ்வொருவருக்கும் தந்திருக்கிறது. எந்திரத்துக்குக் காப்பு வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டமே சொல்லிற்று. காப்பும், கூலியும், கணக்கும் கந்தனுக்கும் காதருக்கும் மிக்கேலுக்கும் பொதுவாக நிற்கக் கூடியவை. அடித்தளம் அதுவாக இருக்கட்டும். அதன்மேல் நின்று அவரவர் விரும்பியதை வணங்கட்டும், வணங்காதிருக்கட்டும்.

பூசையை நிறுத்துங்கள் என்று ஆணையிட நாம் யார்? ஒன்று மட்டும் கேட்கிறோம். அடுத்த ஆயுத பூசையன்று, கற்பூரம் ஏற்றுவதற்கு முன்னே, முதலாளி எல்லாத் தொழிலாளரையும் உட்கார வைக்கட்டும். சென்ற ஆண்டிலே யாருக்கு அடிபட்டது, ஏன் பட்டது, மறுபடியும் படாமலிருக்க என்ன செய்தோம், யாருக்குக் கூலி பாக்கி, எந்த எந்திரத்துக்கு இன்னும் காப்பு இல்லை என்று படித்துக் காட்டட்டும். தொழிலாளியும் தன் பங்குக்கு, எங்கே அசட்டையாக இருந்தேன், எதைக் கெடுத்தேன் என்று எழுந்து சொல்லட்டும். இரு பக்கமும் பதில் சொல்லி முடித்த பிறகு, பொரியை வழங்கட்டும்.

அன்றைக்கு, விரலை இழந்த தொழிலாளி ஒருவன் அந்தக் கூட்டத்திலே அமர்ந்திருப்பான். பொரியை அவன் எந்தக் கையால் வாங்குகிறான் என்று மட்டும் பாருங்கள்!