இரவல் கருவி

தனு (உடம்பு), கரணம் (மனம் முதலிய கருவிகள்), புவனம் (உலகம்), போகம் (நுகர்பொருள்) நான்கும் இறைவன் உயிருக்குத் தந்தவை என்கிறது சைவ சித்தாந்தம். உடம்பும் மனமுமே இரவல் என்றால், வினை மட்டும் எப்படி நம்முடையதாகும்?

கும்பகோணத்தில் கல்யாண ஆல்பம் திருத்தும் எனக்கு இது தினசரிக் கேள்வி. என் போட்டோஷாப் ஓடுவது மும்பை சர்வரில், மணிக்கணக்கு வாடகைக்கு. மவுஸ் அசைவு அங்கே போகிறது. திரையின் படம் மட்டும் இங்கே வருகிறது. ஹீலிங் பிரஷ் என் கைக்குச் சற்றுப் பிந்தியே நகரும், நெட் இழுத்தால் இன்னும் மோசம். ஆனாலும் மணப்பெண்ணின் கன்னத்துத் தழும்பை எடுக்க நினைப்பது சர்வர் அல்ல, நான். இச்சை, ஞானம், கிரியை (விருப்பம், அறிவு, செயல்) உயிருக்கே உரியவை. கரணங்கள் அவற்றுக்குத் துணை மட்டுமே. வினை என்னைச் சேர்வது அதனால்தான் என்று நம்புகிறேன்.

போன வாரம் ஒரு மணப்பெண்ணிடமே, தழும்பை எடுக்கவா என்று கேட்டேன். "சின்ன வயசுல சைக்கிள்ல விழுந்தது, அண்ணா. இருக்கட்டும்" என்றாள். தழும்போடுதான் ஆல்பம் அச்சுக்குப் போயிற்று.